ஹெட்போன்ல நல்லா இருக்கிற கூத்துப்பாட்டு கோயில் ஹோர்ன்ல செத்துப்போகுது, எந்த லிமிட்டர் போடலாம்?

வாவிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம், மட்டக்களப்புல இருந்து எழுதுறன். வடமோடிக் கூத்துப் பாட்டு (எங்கட பக்கத்து நாட்டுக்கூத்து வகை) கொஞ்சம் மிக்ஸ் பண்ணித் தரச்சொல்லி ஒரு இடத்தால கேட்டிருக்காங்க. ரெக்கோட் பண்ணினது வேற ஆக்கள், எனக்கு ட்ராக் மட்டும்தான் பென்டிரைவ்ல வந்த. மத்தளத்துக்கு ரெண்டு மைக், இடப்பக்கத் தோலுக்கு ஒண்டு வலப்பக்கத் தோலுக்கு ஒண்டு, சல்லாரிக்கு (கைத்தாளம்) ஒரு மைக், கூத்தப் பழக்கி முன்னுக்குப் பாடுற அண்ணாவியார் குரலுக்கு ஒண்டு, பிற்பாட்டுக்காரருக்கு ஸ்டீரியோவா ஒரு சோடி. ரீப்பர் எண்ட மிக்ஸிங் சொஃப்ட்வேர்லதான் வேலை. மத்தளம் ரெண்டையும் லெஃப்ட் ரைட்டுண்டு முழுசா பிரிச்சுப் போட்டிருக்கன், குரலுக்கு ஒரு ஸ்டீரியோ வைட்னர் (சத்தத்த அகலமாக்கிற ப்ளக்இன்), எல்லா ட்ராக்கும் சேர்ற மாஸ்டர்ல ஈக்கியூ, கொம்ப்ரஸர், கடைசில லவுட்மேக்ஸ் எண்ட லிமிட்டர், உச்சி தாண்டாம அமுக்கிற சாமான்.

ஹெட்போன்ல கேட்டா சும்மா அந்த மாதிரி இருக்கு. ஆனா கோயில்ல சவுண்ட் போடுற அண்ணன் ஹோர்ன்ல போட்டுக் காட்டினாரு, மத்தளம் அடியோட இல்ல, சல்லாரி மட்டும் கிணுங் கிணுங்குண்டு கேக்குது, அண்ணாவியார்ர குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி. யூலீன் எண்ட லவுட்னஸ் மீட்டர்ல இன்டகிரேட்டட் (முழுப் பாட்டுட சராசரி சத்தம்) மைனஸ் 9.2 லஃப்ஸ் காட்டுது, ட்ரூ பீக் (அலைட உண்மையான உச்சி) ப்ளஸ் 0.6. சத்தம் காணும்தானே அப்ப ஏன் இப்பிடி? காசு குடுத்து ஃபேப்ஃபில்டர் ப்ரோ எல் 2 வாங்கினா சரிவருமா இல்லாட்டி ஓஸோனா? இதே பாட்டு மறுகா யூடியூப்லயும் போகும், அதுக்கு மைனஸ் 14 வேணும் எண்டு ஒருத்தர் சொல்றாரு, இன்னொருத்தர் மைனஸ் 8க்குக் குறைஞ்சா ஆரும் கேக்கமாட்டாங்க எண்டுறாரு. தலை சுத்துது.

லிமிட்டர்_லவ்வர்:
மச்சான் மைனஸ் 9 எல்லாம் ஒரு சத்தமா, இன்னும் தள்ளு. ஓஸோன்ட மேக்ஸிமைஸர் போட்டு மைனஸ் 7க்குக் கொண்டா, ஹோர்ன் என்ன ஹோர்ன்ட அப்பனும் கத்தும். என்னட்ட ஒரு ட்ரைவ் லிங்க் இருக்கு, எல்லா ப்ளக்இன்னும் க்ராக், இன்பொக்ஸ் வா.

அக்கரை_சவுண்ட்:
தம்பி நான் இருவது வருசத்துக்கு மேல பொக்ஸ், ஹோர்ன் வாடகைக்கி குடுக்கிற ஆள், கந்தூரி, கலியாணம், கோயில் திருவிழா எல்லாத்துக்கும் போற. ஹோர்ன்ல ஒரு விசயம் முதல்ல விளங்கிக்கங்க. அதுல ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா ஒண்டும் வராது, மேலயும் ஒரு 6 கிலோ ஹெர்ட்ஸ் மட்டும்தான், அது பேச்சு தூரத்துக்குப் போறத்துக்கு செஞ்ச சாமான், பேஸ் கேக்கிறத்துக்கில்ல. மத்தளத்துட அடித்தொனி அதுல கேக்காதுதான், ஆனா விரல் விழுற சத்தம் கட்டாயம் கேக்கோணும். அதுவும் இல்லாமப் போகுதெண்டா வேற கோளாறு.

ரெண்டாவது, கோயில் அம்ப் மொனோ. பென்டிரைவ்ல இருந்து வாற லெஃப்டும் ரைட்டும் உள்ளுக்கு ஒண்டாச் சேர்ந்துதான் வயருக்குப் போகும். நீங்க என்னதான் அகலமா மிக்ஸ் பண்ணினாலும் அங்க ஒரே கோடு. உங்கட போன் ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்தீங்களா? அங்கயும் இதே மாதிரியா?

வாவிக்கரை:
ஓம் நானா, இப்ப ஒரு பழைய போன்ல போட்டுப் பார்த்தன், ஒரே ஒரு ஸ்பீக்கர் உள்ள போன். அதுலயும் மத்தளம் இல்ல. என்ட மொனிட்டர் ஸ்பீக்கர் ரெண்டுக்கும் நடுவுல இருந்து கேட்டா மெல்லிசா இருக்கு, ஹெட்போன்ல மட்டும்தான் முழுசா கேக்குது.

காரைதீவான்:
அப்ப இது லிமிட்டர் பிரச்சினையே இல்ல, ப்ரோ எல் 2 வாங்குற காச வீட்டுக்காரிட்ட குடுங்க.

கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசிங்க. ஹெட்போன்ல லெஃப்ட் காது லெஃப்ட மட்டும்தான் கேக்கும், ரைட் காது ரைட்ட மட்டும்தான், ரெண்டு சத்தமும் காத்துல எங்கயும் சந்திக்காது. அதனால ரெண்டு பக்கமும் ஒண்டுக்கொண்டு எதிரா இருந்தாலும் ஹெட்போன் காட்டிக்குடுக்காது, இன்னும் அகலமா இருக்கிற மாதிரிதான் தெரியும், ஆக்கள் அதக் கேட்டு சந்தோசப்படுற. ஸ்பீக்கர்ல ரெண்டு சத்தமும் அறைக்குள்ள கலக்கிறதால அரைவாசி அழியும், நீங்க சொல்ற மெல்லிசு அதுதான். மொனோ அம்ப்ல வயருக்குள்ளயே கூட்டுறதால முழுசா அழியும். மூண்டு இடத்துல மூண்டு விதமா கேக்குதெண்டா காரணம் ஒண்டுதான், ஃபேஸ், அதாவது ரெண்டு பக்க அலையும் ஒண்டுக்கொண்டு எதிராப் போறது.

வொக்ஸெங்கோ ஸ்பான் எண்டு ஒரு இலவச ப்ளக்இன் இருக்கு, மாஸ்டர்ல கடைசியாப் போடுங்க. எல்லாரும் அதுட ஸ்பெக்ட்ரம் மலையத்தான் பார்க்கிற, கீழ ஒரு சின்னக் கோரலேஷன் மீட்டர் இருக்கு, அத ஆரும் பார்க்கிறல்ல. ப்ளஸ் 1 எண்டா ரெண்டு பக்கமும் ஒண்டேதான், அதாவது மொனோ. 0 எண்டா ரெண்டுக்கும் தொடர்பில்ல. மைனஸ் 1 எண்டா ஒண்டு மத்தத திருப்பிப் போட்டது, கூட்டினா பூச்சியம். ஒரு நல்ல ஸ்டீரியோ மிக்ஸ் 0க்கும் ப்ளஸ் 1க்கும் இடையில ஆடிக்கொண்டு நிக்கும், இடைக்கிட ஒரு செக்கன் கீழ போய் வந்தா காரியமில்ல, மைனஸ் பக்கம் குடியிருந்தா கவலைப்படுங்க.

முதல்ல முழு மிக்ஸ், மறுகா மத்தளத்த மட்டும் சோலோ, மறுகா குரல மட்டும் சோலோ. என்ன காட்டுதெண்டு சொல்லுங்க. ரீப்பர் மாஸ்டர் ட்ராக்ல ஒரு மொனோ பட்டன் இருக்கு, அதயும் அமுக்கிக் கேளுங்க. விபுலானந்த அடிகள் பிறந்த ஊர்க்காரன் நான், யாழ்நூல் எழுதின மனிசன்ட ஊர்ல இருந்துகொண்டு சத்தம் அழியிறதப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

பி.கு. லவ்வர் தம்பி, அந்த லிங்க எடுங்க. க்ராக்கோட வாற வைரஸால வாடிக்கையாளர்ர செஷன் எல்லாம் பூட்டுப்பட்டுப் போன கதை கேள்விப்பட்டிருக்கன். ரீப்பர் 60 நாள் சும்மா பாவிக்கலாம், மறுகா தனியாள் லைசன்ஸ் 60 டொலர்தான், அதோட வாற ரீயா ப்ளக்இன்னுகளே பாதி வேலைக்குக் காணும்.

லிமிட்டர்_லவ்வர்:
சரி சரி எடுத்தாச்சு. ஆனா சத்தம் காணாதுண்டு நான் சொன்னது சொன்னதுதான்.

வாவிக்கரை:
பார்த்தன் அண்ணன். முழு மிக்ஸ் ப்ளஸ் 0.2 கிட்ட ஆடுது, தரு (தாளத்தோட வாற பாட்டு) வேகமாப் போற இடத்துல மைனஸ் பக்கம் விழுது. மத்தளம் சோலோ போட்டா மைனஸ் 0.6, மைனஸ் 0.7, மேல வாறதே இல்ல. குரல் 0ல நிக்குது. மொனோ அமுக்கினோன மத்தளத்துட கும் எண்ட சத்தம் அப்பிடியே ஓடிப்போகுது, மெல்லிசா ஒரு டக் டக் மட்டும் மிச்சம். கோயில்ல கேட்டது இதேதான்!!

சல்லாரி:
நான் இஞ்ச வாசிக்க மட்டும்தான் வாற, ஆனா இதுக்கு எழுதாம இருக்க ஏலாது, நான் மத்தளம் படிக்கிற ஆள். கல்லடில அழகியற் கற்கைகள் நிறுவகத்துல படிச்ச காலத்துல கச்சேரி ரெக்கோடிங்ல இத நேரடியாப் பார்த்தன்.

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் தோல், உள்ளுக்கு காத்து அடைபட்டிருக்கு. இடப்பக்கத் தோல்ல அடிச்சா அந்தத் தோல் உள்ளுக்குப் போகும், உள்ள இருக்கிற காத்து தள்ளி வலப்பக்கத் தோல் வெளிய வரும். ரெண்டு தோலும் ஒரே திசைக்குத்தான் அசையுது, ஆனா மைக் ரெண்டும் எதிரெதிரா முகம் பார்த்து நிக்கிறதால ஒரு மைக்குக்கு தோல் விலகிப்போகுது, மத்த மைக்குக்கு கிட்ட வருது. ஒண்டு மேல எழுதுறத மத்தது கீழ எழுதும். வெள்ளைக்காரன் ஸ்னேர் ட்ரம்முக்கு மேலயும் கீழயும் மைக் வெச்சா கீழ உள்ளதட போலாரிட்டிய (அலைட மேல் கீழ் திசைய) திருப்புறதும் இதுக்குத்தான். ட்ராக் கட்டுப்பாட்டுல வட்டத்துக்கு குறுக்கால கோடு போட்ட பட்டன் ஒண்டிருக்கும், ஒரு பக்க மைக்குக்கு மட்டும் அத அமுக்குங்க.

விரல் விழுற டக் சத்தம் ஏன் தப்பிச்சதெண்டா அது அந்தந்தத் தோல்ல மட்டும் பிறக்கிற உயர் அதிர்வு, மத்தப் பக்க மைக்குக்கு மெல்லிசாத்தான் போகும், அதால அவ்வளவா அழியாது. அடித்தொனிதான் ரெண்டு மைக்லயும் சரிசமமா விழும், அதான் அழியிற.

காரைதீவான்:
தங்கச்சி கலக்கிட்டீங்க, நான் கேபிள்ல பின் மாறியிருக்கும் எண்டு யோசிச்சிட்டு இருந்தன், இது அதவிடச் சரியான விளக்கம். வாவிக்கரை, பட்டன அமுக்கின உடன ரெண்டு ட்ராக்ட அலைவடிவத்தையும் நல்லாக் கிட்ட இழுத்துப் பாருங்க, ஒரு அடிட முதல் மேடு ரெண்டுலயும் ஒரே பக்கம் போகுதா எண்டு. நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்காது, மைக் தூரம் கொஞ்சம் வித்தியாசப்படும், ஆனா திசை ஒண்டா இருக்கோணும். இன்னொண்டு, லெஃப்ட் ரைட்டுண்டு முழுசா பிரிக்க வேணாம், ஒரு 40 வீதம் காணும். முழுசா ஓரத்துல நிக்கிற சத்தம், ஃபேஸ் பிழையே இல்லாட்டியும், மொனோவுல நடுவுல இருக்கிற சத்தத்தோட பார்க்கக்க 3 டீபி (டெசிபல்) பின்னால போயிரும். கோயில், பஸ், போன், மூண்டும் மொனோ ஆக்கள்தான்.

வாவிக்கரை:
அக்கா நீங்க தெய்வம். பட்டன அமுக்கினன், கும் எண்டு வந்திட்டு. கோரலேஷன் மத்தளம் சோலோல ப்ளஸ் 0.5. சிரிக்கிறதா அழுறதா தெரியல்ல, மூண்டு கிழமையா ஈக்கியூல 80 ஹெர்ட்ஸ ஏத்திக்கொண்டிருந்த.

குரல் இன்னும் மொனோவுல மெல்லிசு, ஒரு மாதிரி தகரச் சத்தம். அதுக்கு எந்தப் பட்டனும் இல்லயே.

காரைதீவான்:
ஏத்தின 80 ஹெர்ட்ஸ முதல்ல கழட்டுங்க, இல்லாட்டி இப்ப மத்தளம் வீட்டுக் கூரையத் தூக்கும்.

குரலுக்குப் போட்ட வைட்னர் எந்த மாதிரி? ஒரு பக்கத்த சில மில்லி செக்கன் பிந்த வைக்கிறதா?

வாவிக்கரை:
ஓம், 15 மில்லி செக்கன்ல நிக்குது, ப்ரீசெட்டே அப்பிடித்தான்.

காரைதீவான்:
பிடிச்சாச்சு. ஒரு சத்தத்தையும் அதுட 15 மில்லி செக்கன் பிந்தின நகலையும் கூட்டினா முதல் பள்ளம் 33 ஹெர்ட்ஸ்ல விழும், மறுகா 67 ஹெர்ட்ஸுக்கு ஒருக்கா, 100, 167, 233 எண்டு மேல மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஆம்பிளைக் குரல்ட அடிச் சுருதி நிக்கிறதே அந்த 100ல இருந்து 200 சொச்சம் மட்டும்தான், அண்ணாவியார் பாடப் பாட ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு பள்ளத்துல விழுந்து எழும்புது. தகரச் சத்தம் எண்டது அதுதான். ஈக்கியூ போட்டு நிரப்ப ஏலாது, பள்ளத்துல சத்தமே இல்ல, எத ஏத்துவீங்க.

வைட்னர எடுத்துப் போட்டிட்டு குரல நடுவுல மொனோவா நிறுத்துங்க. அகலம் வேணுமெண்டா ஒரு ஸ்டீரியோ ரிவெர்ப் (எதிரொலி) தனி சென்ட்ல, அதாவது குரல்ட நகல் போற தனி வழில போட்டு, அத 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டி விடுங்க, மொனோவுல ரிவெர்ப் குறைஞ்சாலும் குரல் குறையாது. பிற்பாட்டுக்காரர்தான் அகலமா இருக்கோணும், அவங்க ஏற்கனவே ஸ்டீரியோ மைக்ல இருக்காங்க. கூத்தாடுற களரில உள்ள நிலையும் அதுதானே, அண்ணாவியார் நடுவுல, பிற்பாட்டு பக்கத்தால.

ஓரத்துல என்ன ஒளிஞ்சிருக்கெண்டு கேக்க வொக்ஸெங்கோ எம்எஸ்ஈடி எண்டொரு இலவசச் சாமான் இருக்கு, நடுவ ஊமையாக்கி ஓரத்த மட்டும் கேக்கலாம். அதுல கேக்கிறது எல்லாம் கோயில் ஹோர்ன்ல காணாமப்போகும் எண்டு வெச்சிக்கங்க.

அக்கரை_சவுண்ட்:
இதத்தான் நான் ஒவ்வொரு கலியாணத்திலயும் சொல்ற. பொடியன்மார் லெப்டொப்பத் தூக்கிட்டு வாறாங்க, வீட்ட சோக்கா இருந்த நானா இஞ்ச உங்கட பொக்ஸ்தான் சரியில்லண்டு எனக்கே சொல்றாங்க. பொக்ஸ் ரெண்டையும் மேடைக்கு ரெண்டு பக்கம் வெச்சாலும் 20 அடி அங்கால இருக்கிற சனத்துக்கு கிட்ட உள்ள பொக்ஸ்தான் கேக்குது, ஸ்டீரியோ எங்க இரிக்கி. அதால நாங்க மொனோவாத்தான் குடுக்கிற.

பழைய_கேசட்:
மனே, உங்கட மீட்டர் கதையெல்லாம் வாசிச்சிட்டுத்தான் இருக்கன். எண்பதுகள்ல நான் ரெக்கோடிங் பார்ல வேலை செஞ்ச, ஆக்கள் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவாங்க, டெக்ல ரெண்டு ஊசி ஆடும், வியூ மீட்டர். அந்த ஊசி 300 மில்லி செக்கன்தான் எடுக்கும் ஒரு சத்தத்துக்கு எழும்பி நிக்க, அதால மத்தள அடிட உச்சிய அது காட்டாது, காதுக்குப் படுற சத்தத்தைத்தான் காட்டும். பாட்டுக்குப் பாட்டு ஊசி ஒரே இடத்துல ஆடினா கேக்கிற ஆளுக்கும் ஒரே சத்தம். அந்தப் பழக்கத்துல சொல்றன், நீங்க எல்லாரும் பீக் மீட்டரத்தான் பார்க்கிற, பீக் எண்டது டேப் அல்லது கம்பியூட்டர் தாங்குமா எண்டு பார்க்க, காதுக்கில்ல.

இப்ப வியூ ஊசி ப்ளக்இன்னாவே வருது, டீபிப்ரோ ஓடியோட எம்வி மீட்டர் 2 இலவசம். 0ஐ மைனஸ் 18க்கு சரிபண்ணி ஒவ்வொரு ட்ராக்கையும் அங்க ஆட விடுங்க, பின்னால கொம்ப்ரஸர் எல்லாம் அது எதிர்பார்க்கிற சத்தத்துல கிடைக்கும். ஒரு எச்சரிக்கை, சல்லாரிய ஊசில நம்பாதீங்க, ஊசி அசையவே அசையாது ஆனா காதப் பிய்க்கும்.

அந்தக் காலத்துல டேப்தான் எங்கட லிமிட்டர், சிவப்புக்குள்ள கொஞ்சம் தள்ளினா உச்சிய அதுவே வளைச்சு மெதுவாக்கிரும். சரி அது வேற கதை.

வாவிக்கரை:
ஐயா நல்ல விசயம், போட்டுப் பார்க்கிறன். குரலும் சரிவந்திட்டு. இப்ப மிச்சம் லவுட்னஸ். ஒண்டு விளங்கல்ல, விருத்தம் (தாளமில்லாம இழுத்துப் பாடுறது) மெதுவா நீளமாப் போகுது, அங்க ஷோட் டேர்ம் மைனஸ் 24 காட்டுது, தரு தொடங்கினோன மைனஸ் 10. ஆனா கடைசில இன்டகிரேட்டட் மைனஸ் 11.5 எண்டு நிக்குது, பாதிப் பாட்டு மெதுவா இருக்கக்க சராசரி இன்னும் கீழ போகோணும்தானே?

காரைதீவான்:
அது சாதாரண சராசரி இல்ல. ஐடியூ எண்ட சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துட பிஎஸ் 1770 எண்ட அளவுமுறை 2006ல வந்த, அதத்தான் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010ல ஆர் 128 எண்டு எடுத்து டீவிக்கு மைனஸ் 23 எண்டு வெச்ச. சத்தத்த 400 மில்லி செக்கன் துண்டு துண்டா அளக்கும், மைனஸ் 70க்குக் கீழ இருக்கிற துண்ட மௌனம் எண்டு தூக்கி எறியும், மிச்சத்துக்கு ஒரு சராசரி எடுத்து அதவிட 10 கீழ இருக்கிறதயும் எறியும். உங்கட விருத்தத்துல கன துண்டு அந்த ரெண்டாவது கேட்ல (எறியிற எல்லைல) விழுந்திட்டு. அதோட இந்த சராசரி சக்திக் கணக்கு, டீபிய அப்பிடியே கூட்டிப் பிரிக்கிறல்ல, அதால சத்தமான பகுதிதான் தீர்மானிக்கும். அளக்கிறத்துக்கு முதல் பேஸக் குறைச்சு, 2 கிலோவுக்கு மேல 4 டீபி கிட்ட ஏத்தியும் விடும், காது கேக்கிற மாதிரி வரோணும் எண்டு. 3 செக்கன் பார்க்கிறது ஷோட் டேர்ம், 400 மில்லி செக்கன் பார்க்கிறது மொமென்டரி.

விருத்தத்த கொம்ப்ரஸர் போட்டு தருவோட சமப்படுத்திராதீங்க தயவுசெஞ்சு. வேணுமெண்டா ஃபேடரால 4 டீபி கிட்ட கையால ஏத்துங்க. கூத்துல விருத்தம் அடங்கி நிண்டு தரு எழும்புறதுதான் விசயம், அத நெருக்கினா முழுப் பாட்டும் விளம்பரம் மாதிரி ஆகிடும்.

சல்லாரி:
அதத்தான் நானும் சொல்ல வந்த. கொம்ப்ரஸர் சும்மா வேலை செய்யுதா எண்டு தெரியாட்டி டீடிஆர் கொட்டெல்னிகோவ் போடுங்க, இலவசம், அதுல டெல்டா எண்டொரு பட்டன், கொம்ப்ரஸர் எடுத்து எறியிற சத்தத்த மட்டும் கேக்கலாம். எறியிறதுல மத்தள அடிதான் கேக்குதெண்டா அடிட உயிரப் பிடுங்குறீங்க எண்டு விளங்கும். அட்டாக் நேரத்த (கொம்ப்ரஸர் அமுக்கத் தொடங்க எடுக்கிற நேரம்) 30 மில்லி செக்கனுக்கு மேல விட்டா அடி தப்பிச்சிரும்.

லிமிட்டர்_லவ்வர்:
எல்லாரும் நல்லா படிச்ச ஆக்கள் மாதிரி கதைக்கிறீங்க சரி, நான் ஒண்டு கேக்கிறன். ஸ்பொட்டிஃபை மைனஸ் 14க்குக் குறைக்கும், யூடியூப் குறைக்கும், அப்பிள் மியூசிக் மைனஸ் 16க்கு, ஒத்துக்கிறன். கல்முனைல இருந்து கொழும்பு போற இரவு பஸ்ல எந்த நோமலைசேஷன் (பாட்டுகள்ட சத்தத்த தானாச் சமப்படுத்துறது) இருக்கு? ட்ரைவர்ர பென்டிரைவ்ல ஐநூறு பாட்டு, ஒண்டு முடிய மத்தது, சத்தம் குறைஞ்ச பாட்டு வந்தா கண்டக்டர் அடுத்ததுக்குத் தள்ளுவான். ஓட்டோவுலயும் அதே. எங்கட சனம் பாட்டுக் கேக்கிறது அங்கதான், உங்கட மைனஸ் 14 அங்க செல்லாது.

காரைதீவான்:
இது நியாயமான கேள்வி, மறுக்கமாட்டன். மைனஸ் 14 எண்டது ஒரு சட்டமும் இல்ல, ஸ்பொட்டிஃபை வழக்கமா அந்த சத்தத்துல ஒலிக்கவிடும் எண்டதுதான், கேக்கிற ஆள் செட்டிங்ல மைனஸ் 11க்கோ மைனஸ் 19க்கோ மாத்தவும் ஏலும். யூடியூப் சத்தமானதக் குறைக்கும், சத்தம் குறைஞ்சத ஏத்தாது. அதால நான் மைனஸ் 14க்கு மாஸ்டர் பண்ணச் சொல்லல்ல. மைனஸ் 7 பண்ணினா ஸ்பொட்டிஃபைல 7 டீபி இறக்கப்படும், இறக்கின பிறகு மிச்சமிருக்கிறது நசுங்கின மத்தளம் மட்டும், சத்தமும் இல்ல அடியும் இல்ல எண்டுதான் சொல்றன்.

ஒரு சோதனை. உங்கட மைனஸ் 7 வேர்ஷனயும் வாவிக்கரைட மைனஸ் 11.5 வேர்ஷனயும் ரீப்பர்ல ரெண்டு ட்ராக்ல போட்டு, மைனஸ் 7ஐ 4.5 டீபி இறக்கி, மாறி மாறி சோலோ பண்ணுங்க. சத்தம் சமனா இருக்கக்க எது நல்லா இருக்கெண்டு கேளுங்க. சத்தமா இருக்கிறது நல்லா இருக்கிற மாதிரித்தான் காதுக்குத் தெரியும், 1 டீபி வித்தியாசமே காணும் ஏமாத்த, ப்ளக்இன் விக்கிற ஆக்களுக்கு இது நல்லாத் தெரியும். டீடிஆர் நோவால ஈக்வல் லவுட்னஸ் எண்டு ஒரு வழி வெச்சிருக்காங்க, ஈக்கியூவ இருந்தும் இல்லாமலும் ஒரே சத்தத்துல ஒப்பிட, மத்த ப்ளக்இன் எல்லாத்துக்கும் நீங்கதான் அவுட்புட்ட இறக்கிச் சமப்படுத்தோணும்.

லிமிட்டர்_லவ்வர்:
போட்டுப் பார்த்தன். சரி, தரு வாற இடத்துல உங்கட வேர்ஷன்ல மத்தளம் முன்னால குதிக்குது, என்டதுல எல்லாம் ஒரே சுவர். ஆனா பஸ்ஸுக்கு மைனஸ் 11.5 காணாது, அதுல விட்டுக்குடுக்கமாட்டன்.

பழைய_கேசட்:
ரெண்டு மாஸ்டர் போடுங்கவன், ஆர் வேணாமெண்ட? நாங்க கேசட்டுக்கு ஒரு சத்தம், ஸ்பூல் டேப்புக்கு ஒரு சத்தம் எண்டுதான் எடுத்த.

காரைதீவான்:
ஐயா சொல்றதுதான் சரி. பென்டிரைவுக்கு மைனஸ் 9.5 மட்டும் போகலாம், லிமிட்டர் ஒரே இடத்துல 6 டீபி அமுக்காம ரெண்டு கட்டமாப் போங்க, மத்தள ட்ராக் ரெண்டும் சேர்ற சனல்ல ஒரு சின்னக் க்ளிப்பர் ஒண்டு ரெண்டு டீபி, மாஸ்டர்ல லிமிட்டர் ஒரு மூண்டு. கொம்ப்ரஸர விட க்ளிப்பர் அடிக்கு நல்லது, ஏனெண்டா உச்சிட அந்த ஒரு கணத்த மட்டும் வெட்டும், மறுகா விடுறத்துக்கு நேரம் எடுக்கிறல்ல. ஓவர்சம்ப்ளிங் (அலைக்கு இடையில கூடுதல் புள்ளி போட்டுக் கணக்குப் பார்க்கிறது) இருந்தா 4 மடங்குல போடுங்க, இல்லாட்டி வெட்டுற இடத்துல பிறக்கிற புது அதிர்வுகள் திரும்பி மடங்கி கீழ வந்து சுருதிக்குச் சம்பந்தமில்லாமக் கத்தும்.

ட்ரூ பீக் ப்ளஸ் 0.6 எண்டு முதல்ல எழுதின, அத விடாதீங்க. ஃபைல்ல உள்ள புள்ளி ஒண்டும் 0ஐத் தாண்டாது, ஆனா புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில அலை தாண்டிப்போகும், மீட்டர் 4 மடங்கு ஓவர்சம்ப்ளிங் பண்ணித்தான் அதக் கண்டுபிடிக்கிற. எம்பி3 ஆக்கக்க அது இன்னும் கூடும், மலிவான செட்ல கரகரண்டு கேக்கும். லவுட்மேக்ஸ் புது வேர்ஷன்ல அதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு, ரீப்பரோட வாற ரீயாலிமிட்லயும் இருக்கு. மைனஸ் 1ல நிப்பாட்டுங்க.

வாவிக்கரை:
இண்டைக்கு கோயில்ல திரும்பப் போட்டுப் பார்த்தாச்சு. மத்தளம் கேக்குது!! ஹோர்ன்லயே விரல் விழுறது தெளிவா, அண்ணாவியார் ஒவ்வொரு சொல்லும் விளங்குது. ஸ்பீக்கர் காரர் அண்ணன் இது வேற பாட்டா எண்டு கேக்கிறாரு. ஒரே ஒரு பிரச்சினை, சல்லாரி ஹோர்ன்ல காதக் குத்துது. ஸ்பான்ல பார்த்தா 4 கிலோவுக்கும் 5 கிலோவுக்கும் இடையில ஒரு கூம்பு. அத ஈக்கியூல வெட்டினா குரலும் மங்குது.

சல்லாரி:
என்ட பேர வெச்சே குறை சொல்றீங்க. மாஸ்டர்ல வெட்டாதீங்க, சல்லாரி ட்ராக்ல மட்டும் வெட்டுங்க. ஆனா அது குரல் மைக்லயும் ஒழுகியிருக்கும், அண்ணாவியாருக்குப் பக்கத்துலதானே சல்லாரிக்காரர் நிக்கிற. குரல் ட்ராக்ல நோவா போட்டு 4.5 கிலோல ஒரு பாண்ட டைனமிக்கா வெச்சு, ஓங்கி அடிக்கிற கணம் மட்டும் 3, 4 டீபி இறங்கிற மாதிரி விடுங்க. சல்லாரி இல்லாத இடத்துல குரல் அப்பிடியே இருக்கும்.

அக்கரை_சவுண்ட்:
ஹோர்ன் அந்த 3, 4 கிலோவ எப்பவும் கூட்டித்தான் கத்தும், அதால அதுக்கு எண்டு ஒரு தனி ஃபைல் எடுங்க தம்பி. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாத்தையும் வெட்டிருங்க, ஹோர்ன்ட ட்ரைவருக்கும் நல்லது, அம்ப் வீணாச் சூடாகாது, குரலுக்கு இன்னும் இடம் கிடைக்கும். மொனோவாவே ரென்டர் பண்ணித் தாங்க, பிறகு ஆரும் வயர மாத்திக் குத்தினாலும் ஒண்டும் ஆகாது.

வாவிக்கரை:
சரி நானா. 24 பிட் வேவா தரட்டுமா எம்பி3யா?

அக்கரை_சவுண்ட்:
கன அம்ப்ல உள்ள யூஎஸ்பி போர்ட் 24 பிட் வாசிக்காது, கோயில் அம்பும் பழசாத்தான் இரிக்கும். 16 பிட், 44.1ல தாங்க.

காரைதீவான்:
24ல இருந்து 16க்கு இறக்கக்க டிதர் (மெல்லிய இரைச்சல் சேர்க்கிறது) டிக் போட மறக்காதீங்க, ரீப்பர் ரென்டர் பெட்டில இருக்கு. விருத்தம் அடங்கி முடியிற இடத்துட வால் கரடுமுரடா வெட்டுப்படாம இருக்கும், அது கடைசிக் கட்டத்துல ஒரு தரம் மட்டும்தான், லிமிட்டருக்குப் பிறகு.

லிமிட்டர்_லவ்வர்:
பஸ் வேர்ஷன எனக்கு அனுப்பு மச்சான், கல்முனை ஸ்டான்ட்ல ஒரு ட்ரைவர் தெரியும், போட்டுப் பார்ப்பம்.

அக்கரை_சவுண்ட்:
ஃபைல் பேர இங்கிலீஷ் எழுத்துல வைங்க, தமிழ்ல வெச்சா அம்ப்ட டிஸ்ப்ளேல கட்டம் கட்டமாத்தான் வரும், திருவிழா இரவுல எது எந்தப் பாட்டுண்டு தேடிக்கொண்டிருக்க ஏலாது. முன்னுக்கு 01, 02 எண்டு நம்பர் போடுங்க.

வாவிக்கரை:
போட்டாச்சு நானா. லவ்வர், உனக்கும் இன்பொக்ஸ்ல லிங்க் வந்திருக்கு, மைனஸ் 9.6, ட்ரூ பீக் மைனஸ் 1.